எட்டாவது ஆள் நாந்தான்

எங்க திருச்செங்கோட்டுல யாரு வந்து கதவத் தட்டுனாலும் உள்ள இருக்கறவங்க "யாருங்க?"ம்பாங்க, தட்டுனவங்க "நாந்தானுங்க"ம்பாங்க, ஒடனே தாப்பாளத் தொறந்துருவாங்க, திருடனே வந்து தட்டுனாலும் அவனும் நாந்தானுங்கன்னுதான் சொல்லுவான், நாங்களும் வாங்க வாங்கன்னு தொறந்துட்டு, மோர் குடிக்கறீங்களான்னு கேட்டுட்டு, அப்பறந்தான் மூஞ்சியப் பாப்போம். இந்த ஒத்த வார்த்தையாலதான் எங்க ஆபீசுல எட்டாவதா ஒரு ஆளு வேலைக்குச் சேர்ந்துச்சுங்க. அதுக்குக் கையில்ல, காலில்ல, மூஞ்சியுமில்ல. கொரலு மட்டும் உண்டு, அதுவும் சொந்தக் கொரலு இல்லீங்க.

அர்த்தநாரி போர்வெல்ஸ்னு பேரு. போர் போடற ரிக்கு லாரி மூணு, மொதலாளி குழந்தைவேலு அண்ணன், டீசல் கணக்குப் பாக்கற வசந்தாமணியாகப்பட்ட நானு, போருக்கு புக்கிங் எடுக்கற நதியா, சாமான் ரூமக் காவக் காக்கற கிட்டுச்சாமி அண்ணன், அவரு வாலிபத்துல கம்ப்ரசர் பக்கத்துலயே நின்னு ஒரு காதக் காவு குடுத்தவரு, அப்பறம் வண்டிக்கு ஒருத்தரா வடக்க நிக்கற டிரில்லருங்க மூணு பேரு, ஆக ஏழு பேருங்க. ஏழு பேரையும் ஒண்ணாக் கோத்து வெக்கறதுக்கு கம்ப்யூட்டர்லயும் செல்லுலயும் ஒரு ஆபீஸ் ஆப்பு உண்டு. எத்தன அடி போயிருக்குது, பாறையத் தொளைக்கற பிட்டு எது ஒடஞ்சுது, எங்க தண்ணி பீச்சுச்சுன்னு எல்லாம் அதுலதான் எழுதுவோம், ஆளு லைன்ல இருந்தா பேருக்குப் பக்கத்துல ஒரு பச்சப் புள்ளி எரியும். ஆனா வாயத் தொறந்து பேசோணும்னா அதுல முடியாது, பேச்செல்லாம் அண்ணனோட சொந்தச் செல்லுக்குத்தான் வரும். சோத்துல கை வெச்சா ஒரு போனு, குளிக்கத் தண்ணி மோந்தா ஒரு போனு, கடேசீல அவரு மாமனாரு எழவுல எல்லாரும் ஒப்பாரி வெச்சுட்டு இருக்கறப்ப "பாறையா? அடிச்சு ஒடப்பா, உள்ள எறங்கு!"ன்னு இவரு காதுல போன வெச்சுட்டுக் கத்த, வந்திருந்த ஒறம்பரை சனம் மொத்தமும் பாடைய உட்டுட்டு இவரத் திரும்பிப் பாத்துச்சு. அன்னிக்கே, ஆப்புலயே போனையும் சேத்துப் போடறதுன்னு முடிவாச்சுங்க.

கோயமுத்தூர்ல இருந்து சுகன்யான்னு ஒரு பொண்ணு வந்துச்சு, அதுக்கான வேலையெல்லாம் தெரிஞ்ச பொண்ணு. "இனி கம்பெனிக்கு ஒரே நெம்பருங்க, யாரு கூப்புட்டாலும் ஏழு பேருக்கும் மணியடிக்கும், கை சும்மா இருக்கறவங்க எடுக்கலாம், ராஜஸ்தான்ல இருக்கறவரு பக்கத்து ரூம்ல இருக்கறாப்டி பேசலாம், நமக்கு வேண்டாத போன இன்னொருத்தருக்குத் தள்ளி உடலாம்"னு அது சொல்லச் சொல்ல அண்ணனுக்கு நாக்காலியில இருப்புக் கொள்ளல.

"தள்ளி உடலாமா! அப்ப எங்க மச்சான் கூப்புட்டா கிட்டுச்சாமிக்குத் தள்ளி உட்டர்லாமா?"

"என்னுங்க?"ன்னாரு கிட்டுச்சாமி அண்ணன், நல்ல காதத் திருப்பி.

"ஒண்ணுமில்ல, உங்களுக்கு மச்சான் ஒருத்தரு வரப்போறாரு"ன்னேன் நானு.

அப்பறம் பேரப் பதியற வேல. ஆப்பு ஒவ்வொருத்தருக்கா போன் அடிக்குமாமா, யார் பேசறதுன்னு கேக்குமாமா, நாம பேரச் சொன்னா அதப் புடிச்சு வெச்சுக்குமாமா. அண்ணனுக்கு அடிச்சுது. "யார் பேசறது?" "நாந்தானுங்க." எனக்கு அடிச்சுது. "நாந்தானுங்க." கிட்டுச்சாமி அண்ணன் கேள்வியே காதுல உழுகாம, உழுந்த வரைக்கும் போதும்னு, ஊரே அதிர "நாந்தானுங்க!"ன்னாரு. ஒடிசாவுக்கு அடிச்சுது, மத்தியப் பிரதேசத்துக்கு அடிச்சுது, ராஜஸ்தான்ல ரெண்டாம் நெம்பர் வண்டியில இருக்கற ஈஸ்வரமூர்த்திக்கு அடிச்சுது, அத்தன பேரும் ஒரே பதிலு. சுகன்யா தலையில கைய வெச்சுட்டு, "ஒருத்தருகூடப் பேரச் சொல்லலீங்களே"ன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டு அதுவே பேருகள டைப் அடிச்சுது. ஏழு பேரு வந்துச்சு. எட்டாவதா "நாந்தான்"னு ஒரு பேரும் கூடவே நின்னுச்சு, பச்சப் புள்ளியோட. அழிச்சாப் போகுது, சித்த நேரத்துல திரும்ப வருது, அழிச்சா வருது. "பாத்துக்கலாமுங்க"ன்னுட்டு அந்தப் பொண்ணு பஸ் ஏறிருச்சு.

அந்தச் சந்தோசத்துக்கு நடுவால ஒருத்தி மட்டும் தலையக் குனிஞ்சுட்டு ஒக்காந்திருந்தா, அது நதியா. ராஜஸ்தான்ல இருந்து "நாந்தான்"னு சொன்ன அந்த ஈஸ்வரமூர்த்தி வேற யாருமில்லீங்க, அவ ஊட்டுக்காரந்தான். ரெண்டு பேரும் பேசிப் பல மாசமாச்சு. நதியாவோட தம்பி கல்யாணத்துல இணைச்சீரு செய்யறவ இவதான்; கூடப்பொறந்தவ கூறைச்சேலை கட்டி மணவறையில வந்து நிக்கறப்ப அவ புருசன் ஊருக்கு முன்னால நிக்கோணுமா இல்லியா? மாப்ள ராஜஸ்தான்ல போர் போட்டுட்டு நின்னுட்டான். போற வர்ற ஒறம்பரையெல்லாம் "மாப்ள எங்க அம்மிணி?", "மாப்ள வல்லியா கண்ணு?"ன்னு கேட்டுக் கேட்டு அவ மானத்த வாங்கிப்போட்டாங்க. அவன் கல்யாணம் முடிஞ்சு, பந்தப் பிரிச்சு, வாழ எலை காஞ்சதுக்கப்பறம் வந்து வாசல்ல நின்னான். "தப்புன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லாம நான் உங்களக் கூப்புட மாட்டேன்"னு இவ சொன்னா. "நீ கூப்புடாம இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்"னு அவன் வண்டி ஏறிட்டான். ரெண்டுமே நல்ல புள்ளைங்கதான், வீம்புலதான் ஒண்ணுக்கொண்ணு தோத்தது இல்ல.

இதுல வெசனம் என்னன்னா, அண்ணன் நாலாவது ரிக்கு வாங்கி அத ராய்ப்பூர்லயே மூணு வருசத்துக்கு நிறுத்தற திட்டம் வெச்சிருந்தாரு, அதுக்குப் பொறுப்பா மூர்த்தியத்தான் கேட்டிருந்தாரு. "ஆயுத பூசைக்கு வண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டு பதில் சொல்றேனுங்க"ன்னு அவன் ஆப்புல எழுதியிருந்தான். நதியா கூப்புட்டா இருந்துக்குவான், கூப்புடலீனா போயிருவான். மூணு வருசம் போனவன் திரும்பி வந்தா புருசனா வருவானா, ஒறம்பரையா வருவானான்னு யாருக்குத் தெரியும்.

எட்டாவது ஆளு வேலையத் தொடங்குனது ஒரு மத்தியானச் சோத்து நேரத்துலங்க. நாங்க எல்லாரும் கையில சோறும் வாயில சோறுமா இருக்கறப்ப மல்லசமுத்திரத்துக்காரரு ஒருத்தரு கூப்புட்டிருக்காரு. "யாருங்க?"ன்னிருக்காரு. "நாந்தானுங்க"ன்னு அண்ணனோட கொரலு சொல்லியிருக்குது. "உங்க காட்டுல தண்ணி வராதுங்க, போன தடவயே அத சொல்லோணும்னு இருந்தேன், வீணாக் காசக் கரைக்காதீங்க, தடுப்பணை பக்கமாப் பாருங்க"ன்னு சொல்லி வெச்சிருச்சு. அவரு மறாநாளு ஒரு தாரு கதளி வாழப்பழத்தத் தூக்கிட்டு வந்து அண்ணன் கையப் புடிச்சுக்கிட்டாரு. அண்ணனுக்கு வேர்த்துப் போச்சு. அவரு அப்படி ஒரு வார்த்த பேசவேயில்ல, ஆனா பேசோணும்னு நெனச்சது நெசம், தொழிலு போயிரும்னு முழுங்குனதும் நெசம்.

அப்பறம் வரிசையா நடந்துச்சுங்க. கூப்புடறவங்க மனசுல யார நெனச்சுட்டுக் கூப்புடறாங்களோ அவங்க கொரல்ல அது எடுக்கும். எடுத்து, அந்தாளு தொண்டையில எது நின்னு போச்சோ அதச் சொல்லிப்போடும். பொய்யின்னு ஒண்ணு சொன்னதில்ல. கிட்டுச்சாமி அண்ணனோட மாமியா கூப்புட்டிச்சு. "அத்த, உங்க பச்சப்பயறுக் கொழம்புக்காகத்தானுங்க ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வர்றேன், உங்க மகளுக்கு அது வராதுங்க"ன்னுருச்சு. அந்தம்மா பூரிச்சுப் போயி தூக்குப்போசி நெறையக் கொழம்போட ஆபீசுக்கே வந்துருச்சு, மகளுதான் ஒரு வாரம் கிட்டுச்சாமி அண்ணனுக்குப் பழைய சோறு போட்டா. லேத்துப் பட்டறைக்காரரு என்னைய நெனச்சுக் கூப்புட்டாரு. "நீங்க கடையற ராடு கோணலுங்க, சொன்னாக் கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லலீங்க"ன்னு என்னோட கொரல்ல கேட்டுட்டு, ஒரு நாளு முழுக்க மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்துட்டு, மறாநாளு அத்தன ராடையும் நேரா கடஞ்சு அனுப்பிட்டாரு.

நானும் கூப்புட்டுப் பாத்தனுங்க, பாக்காம இருப்பனா? எங்க ஊட்டுக்காரர நெனச்சுட்டுக் கூப்புட்டேன். "யாருங்க?" "நாந்தான். அந்த மயிலு கழுத்துச் சேலை உனக்கு எடுப்பா இருக்குது, வசந்தா." இருவத்திரண்டு வருசத்துல மனுசன் வாயில இருந்து வராத வார்த்த! நான் வெக்கத்துல போன வெச்சுட்டுக் கணக்குல ஒரு சைபர சேத்துப் போட்டுட்டேன், அண்ணன் டீசலுக்கு அம்புட்டா ஆச்சுன்னு அலறுனாரு.

ஊரு சும்மா இருக்குமா? இது பேயா பிசாசான்னு ஒருத்தருங்கூடக் கேக்கலீங்க. டீக்கடையில ஒரே ஒரு சந்தேகந்தான் வந்துச்சு, எட்டாவது ஆளு ஆம்பளையா பொம்பளையான்னு. கடக்காரரு டீ ஆத்திக்கிட்டே மலையப் பாத்துக் கைய நீட்டுனாரு. "பாதி ஆணு பாதி பொண்ணா ஒரே ஒடம்புல சாமி நிக்கற ஊருய்யா இது, ஒரே போன்ல ரெண்டு கொரலு வந்தா என்ன கெட்டுப் போச்சு?" அதோட அந்தச் சந்தேகமும் தீர்ந்துருச்சு. அதுக்கப்பறம் கூட்டம் தாங்க முடியல. மாமியா மருமக, பங்காளி, சம்பந்தி, பத்து வருசமா வாய்க்கா வரப்புக்குச் சண்ட போட்டவங்க, பொண்ணு பாத்துட்டுப் பதில் சொல்லாதவங்க, எல்லாரும் போர் போடறவங்க மாதிரி கூப்புட்டுக் கூப்புட்டுப் பேசுனாங்க, பேசிட்டு அழுதாங்க, அழுதுட்டுச் சிரிச்சாங்க, சில பேரு திட்டிட்டும் வெச்சாங்க. கடேசீல நான் வாசல்ல ஒரு அட்டை எழுதி மாட்டுனேன்: "சொந்தப் பழமை பேசறதுக்கு மத்தியானம் மட்டும். மத்த நேரம் போருக்கு." டீ வாங்குனா அதுக்கும் ஒரு டம்ளரு வெச்சோம், நோம்பிக்கு அதுக்கும் ஒரு பை பச்சரிசி எடுத்து வெச்சோம், அண்ணன் அதுக்கு லீவு கேக்காத நல்ல ஆளுன்னு பட்டம் குடுத்தாரு.

நதியா மட்டும் அதுகிட்டப் பேசவேயில்ல.

"ஒரு தடவ மூர்த்திய நெனச்சுட்டுக் கூப்புட்டுத்தான் பாரேன் கண்ணு"ன்னேன்.

"எதுக்குங்க்கா? அவருக்கு வாயில்லீங்களா? அவரு வாயில வரோணும், காத்துல வந்தா எனக்கு வேண்டாமுங்க."

அவ சொல்றதுலயும் நாயம் இருந்துச்சு, நான் டீசல் பில்ல எடுத்துட்டேன்.

ஆனா ஆயுத பூசை நெருங்கி, ரெண்டாம் நெம்பர் வண்டியோட பதிலும் வராம, அண்ணன் ராய்ப்பூருக்கு எடம் பாக்க ஆளு அனுப்பற நேரத்துல, ஒரு நாளு நதியா காதுல மாட்டுன ஹெட்போனோட புக்கிங் எழுதிட்டு இருக்கறா, போன் அடிக்குது, அவ யாரு என்னன்னு பாக்காமலே எடுத்து "அர்த்தநாரி போர்வெல்ஸ், யாருங்க?"ன்னா. அடுத்த நொடி அவ கையில இருந்த பேனா நின்னு போச்சு. அவ மூஞ்சி செவந்துச்சு, கண்ணு தளும்புச்சு, கேட்டா, கேட்டுட்டே இருந்தா, வெச்சுட்டா. வெச்சுட்டு எங்கிட்ட ஓடியாந்து என்ற கையப் புடிச்சுக் குலுக்குனா.

"அக்கா! மாமா கூப்புட்டாருங்க! அவராவே கூப்புட்டாருங்க்கா! 'இணைச்சீருக்கு வராதது என் தப்புதான் அம்மிணி. தொள்ளாயிரம் அடி போயும் புழுதிதான் பறந்துச்சு, அந்த ஊருப் பொம்பளைங்க கொடத்த வெச்சுட்டு ஒக்காந்தே இருந்தாங்க, அவங்க மூஞ்சியப் பாத்துட்டு வண்டியக் கெளப்ப மனசு வரல. ஆனா உனக்கு ஒரு போனாச்சும் போட்டிருக்கோணும், போடாதது பெரிய தப்பு'ன்னாருங்க்கா!"

நான் மெல்ல எட்டி அவ கம்ப்யூட்டரப் பாத்தேன். கூப்புட்டது ரெண்டாம் நெம்பர் வண்டி இல்லீங்க, எட்டாவது ஆளு. அதுக்குக் கீழயே இன்னொரு வரி: அதே நேரத்துல எட்டாவது ஆளு ராஜஸ்தானுக்கும் கூப்புட்டிருக்குது. யாரும் கேக்காம அதுவாப் பேசுனது அதுதான் மொதத் தடவ. இதச் சொன்னா அவ மூஞ்சியில எரியற வெளக்கு அணஞ்சுரும், சொல்லாம இருக்க என்ற வாயால ஆகாது. அதனால அவள உட்டுட்டு அண்ணங்கிட்டச் சொன்னேன், அண்ணன் டீக்கடையில சொன்னாரு, டீக்கடை ஊருக்குச் சொல்லுச்சு, பொழுது சாயறதுக்குள்ள கீழ் ரத வீதி வரைக்கும் எல்லாருக்கும் தெரியும், அவங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியாது. அன்னிக்குச் சாயந்தரமே ஆப்புல மூர்த்தி எழுதுனான்: "வண்டி கெளம்பிருச்சுங்க. ஊட்டுக்கு வர்றனுங்க."

ஆயுத பூசை அன்னிக்கு எங்க வண்டி நிறுத்தற யார்டுல நின்ன கூட்டம் மலைக்கோயில் தேருக்கு நின்ன மாதிரி இருந்துச்சுங்க. பூசணிக்கா, எலுமிச்சங்கா, பொரி, சுண்டல், போனுக்கெல்லாம் குங்குமப் பொட்டு, நதியா மல்லிப்பூ வெச்சுட்டு வாசல்ல நிக்கறா, ஊரே அவளையும் ரோட்டையும் மாறி மாறிப் பாக்குது. ராஜஸ்தான் புழுதியோட ரெண்டாம் நெம்பர் வண்டி ஹாரன் அடிச்சுட்டு உள்ள வந்துச்சு. மூர்த்தி குதிச்சு எறங்குனான், கருத்து மெலிஞ்சிருந்தான், பல்லு மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சு.

"நீ கூப்புட்ட, வந்துட்டேன் அம்மிணி"ன்னான்.

நதியா முழிச்சா. "நானா? நானெங்க கூப்புட்டேன்? நீங்கதான தப்புன்னு சொன்னீங்க?"

"நானா? நானெப்பச் சொன்னேன்? நீதான போன் போட்டு, 'நீங்க இல்லாத ஊடு ஊடு மாதிரியே இல்லீங்க மாமா, வந்துருங்க'ன்ன?"

"நான் போனே போடலீங்களே."

அம்புட்டுத்தான். கூட்டத்துல பொரி தின்னவங்க வாய் அப்படியே நின்னுச்சு. ரெண்டு பேரும் எங்களப் பாத்தாங்க, நாங்க எல்லாரும் பூசணிக்காயப் பாத்தோம். மூர்த்திக்கு மொள்ள மொள்ள வெளங்கிருச்சு. அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. திரும்பி நடந்து போயி வண்டிக் கதவுல கைய வெச்சு, படியில ஒரு காலத் தூக்கி வெச்சுட்டான். போச்சு, மூணு வருசம் போச்சு, இவ வாழ்க்க போச்சுன்னு நான் முந்தானைய வாயில வெச்சு அமுத்துனேன்.

அப்ப அடிச்சுதுங்க போனு. ஒண்ணில்ல, எல்லாருக்கும். எம்மடியில, அண்ணன் ஜோப்புல, கிட்டுச்சாமி அண்ணன் கையில, வண்டிக்குள்ள, மேசை மேல, எல்லாத்துலயும் ஒரே பேரு, "நாந்தான்" கூப்புடுது, எடுங்க எடுங்கன்னு கூப்புடுது. எடுத்திருந்தா அதுவே எல்லாத்தையும் பேசி முடிச்சிருக்கும். அண்ணன் எடுக்கப் போனாரு.

"எடுக்காதீங்கண்ணா!"ன்னு கத்துனா நதியா.

மூர்த்தி படியில நின்னபடியே கேட்டான், திரும்பாமக் கேட்டான். "நீ கூப்புடலீன்னா, வந்துருங்கன்னு சொன்னது யாரு?"

மணி அடிச்சுட்டே இருக்குது. மாசக்கணக்காத் தொண்டையில நின்னது வெளிய வர்றதுக்கு எம்புட்டுக் கஷ்டமோ, நதியா ரெண்டு கையையும் இறுக்கிப் புடிச்சுட்டு, ஊருக்கு முன்னால சொன்னா.

"நாந்தானுங்க."

அவன் காலு படியில இருந்து கீழ வந்துச்சு. திரும்புனான், கண்ணுல தண்ணி. "தப்புன்னு உங்கிட்டச் சொன்னதும்…" வண்டிக் கதவச் சாத்துனான். "அதும் நாந்தான் அம்மிணி."

அத்தன போனும் ஒரே நேரத்துல நின்னுருச்சுங்க. அண்ணன் கண்ணத் தொடச்சுக்கிட்டு, வீராப்பா, "எங்களையெல்லாம் இப்படி நடுங்க வெச்சது யாருய்யா?"ன்னாரு.

அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க, ஒண்ணாச் சொன்னாங்க: "நாங்கதானுங்க."

எனக்கு என்னமோ தோணுச்சு, உள்ள ஓடிப் போயி கம்ப்யூட்டரப் பாத்தேன். "நாந்தான்" இல்ல. அது இருந்த எடத்துல எட்டாவதா "நாங்கதான்"னு புதுசா ஒரு பேரு வந்திருந்துச்சு, பக்கத்துல சின்னதாப் பச்சையா எரிஞ்சுட்டு. நான் சன்னல் வழியா தலைய நீட்டிக் கத்துனேன்.

"அண்ணா! நதியாவும் மூர்த்தியும் சேந்ததுல பச்சப் புள்ளி! புதுசா ஒரு பச்சப் புள்ளி!"

சன்னலுக்குப் பக்கத்துல நின்னவரு கிட்டுச்சாமி அண்ணன். எந்தக் காத இந்தப் பக்கம் வெச்சிருந்தாரோ தெரியல, கூட்டத்தப் பாத்து ரெண்டு கையையும் மேல தூக்குனாரு.

"நதியாவுக்குப் பச்சப் புள்ளையாமா!"

ஓன்னு ஒரு சத்தம் கெளம்புச்சு பாருங்க! பூசணிக்கா ஒடயுது, பொரி பறக்குது, டீக்கடைக்காரரு சக்கரையக் கொண்டாந்து வாய் வாயாப் போடறாரு, நதியா மூஞ்சிய மூடிக்கிட்டுச் சிரிக்கறா, ரெண்டாம் நெம்பர் வண்டியோட ஹாரன யாரோ அமுத்திப் புடிச்சுட்டாங்க, அந்தச் சத்தத்துக்கும் மேல, வாயில போட்ட சக்கரையோட, கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டே மூர்த்தி கத்தறான்:

"ஏனுங்க, நான் இப்பத்தானுங்க வண்டிய உட்டே எறங்கியிருக்கறேன்!"